கூண்டில் நிற்க வேண்டியவர் யார்?

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் நகரில் முதிய ரப்பர் மரம் ஒன்று இன்றும் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. 1877ஆம் ஆண்டில் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர் கன்றுகளின் நினைவாக அது நிற்கிறது. அச்சிறு தொடக்கத்திலிருந்து வளர்ந்த தொழில்தான் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான் ஆகிய வட்டாரங்களைத் தோட்டங்களால் நிறைத்தது. பிரட்டுக் களம், லயம், ஆயாக் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி என ஒரு முழு வாழ்க்கையை அத்தோட்டங்கள் உருவாக்கின.

அந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலை தருவதாகச் சொல்லி மனிதரை அழைத்து வந்து, கடனாலும் பயத்தாலும் கட்டிப் போட்ட கதைகள் அப்பக்கத்தில் உள்ளன. மனிதரை, குறிப்பாகச் சிறுவர்களை, இவ்வாறு சுரண்டுவது இன்று கடுமையான குற்றம். ஆயினும், சட்டம் எப்பொழுதும் சுரண்டப்பட்டவர் பக்கம் நின்றதில்லை. குற்றவாளிக் கூண்டில் சட்டம் யாரை நிறுத்தியது என்பதைக் காலவரிசையில் பார்த்தால், நாடு கடந்து வந்த தூரம் விளங்கும்.

தப்பியோடியவரே குற்றவாளி

ரப்பருக்கு முன்னர், பேராக்கின் வடமேற்கில் உள்ள கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கு வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் கொண்டுவரப்பட்டனர். கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர்கள் வேறு முதலாளியிடம் செல்ல முடியாது.

அக்காலச் சட்டத்தில், தோட்டத்தை விட்டு ஓடிப்போவது குற்றமாகக் கருதப்பட்டது. நோயாலோ பசியாலோ அடி தாங்காமலோ வெளியேறிய தொழிலாளி பிடிபட்டால், அவர்தான் நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டார். அவருக்கே சிறைத் தண்டனையும் கிடைத்தது. அவரை அந்நிலைக்குத் தள்ளியவர் பெரும்பாலும் எந்தக் கேள்விக்கும் ஆளாகவில்லை.

1910ஆம் ஆண்டில், பார் என்பவர் தலைமையிலான அரசாங்க ஆணையம் கூட்டு மலாய் மாநிலங்களின் ஒப்பந்தக் கூலி முறையை ஆராய்ந்து, அதனைக் கைவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்தியத் தொழிலாளர்களுக்கான புதிய ஒப்பந்தங்கள் அவ்வாண்டுடன் நின்றன. அதன்பின் கங்காணி முறை வலுப்பெற்றது. கங்காணி தம் ஊருக்கும் உறவினரிடமும் சென்று ஆள் சேர்த்து வந்தார். முன்பணக் கடன் இம்முறையிலும் தொடர்ந்தது. வேலையை விட்டுச் சென்றதற்காகத் தொழிலாளியைச் சிறையில் அடைக்கும் வழக்கம் 1920களின் தொடக்கத்தில்தான் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. உதவித்தொகை பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தபோது, கங்காணி முறையும் முடிவுக்கு வந்தது.

சிறுவர்களின் நிலை

தோட்டங்களில் பிள்ளைகளும் வேலை செய்தனர். புல் பிடுங்குவது, மங்கு கழுவுவது, ஒட்டுப்பால் பொறுக்குவது போன்ற வேலைகளில் பெற்றோருக்கு உதவியாக நின்றனர். வீட்டு வருமானம் குறைவாக இருந்ததால் பெற்றோரும் அதனைத் தவறாக எண்ணவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. இன்று பேராக்கில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அவ்விதியில் இருக்கிறது. ஆனால், கொட்டகையில் நடந்த பல வகுப்புகள் பெயருக்கே பள்ளியாக இருந்தன. விதி எழுதப்பட்டாலும், அதனை மீறியவரைக் கண்காணித்து நடவடிக்கை எடுக்கும் கை வலுவாக இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பயன் குறைவு என்பதை இது காட்டுகிறது.

ஈயச் சுரங்கங்களால் செழித்த ஈப்போ போன்ற நகரங்களில் வேறொரு வழக்கம் இருந்தது. வறுமையால் விற்கப்பட்ட சீனச் சிறுமிகள் செல்வர் வீடுகளில் ஊதியமின்றி வேலை செய்தனர். அவர்களை ‘முய் சாய்’ என்று அழைத்தனர். கந்தோனிய மொழியில் அதற்கு ‘தங்கை’ என்பது போன்ற அன்பான பொருள் உண்டு. அன்பான பெயருக்குப் பின்னால் விற்பனைப் பத்திரம் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் இவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. புதிதாக முய் சாய் வைத்துக்கொள்வது தடை செய்யப்பட்டது; ஏற்கெனவே இருந்தவர்களைப் பதிவு செய்து, அவர்களுக்கு ஊதியம் கொடுக்க வேண்டியதாயிற்று. ‘இவள் என் வளர்ப்பு மகள்’ என்று சொல்லிச் சிலர் பதிவைத் தவிர்க்கவே, சட்டத்தின் வலை ஓட்டையாயிற்று.

1936இல் வுட்ஸ் என்பவர் தலைமையில் ஆணையம் ஒன்று ஹாங்காங்கிலும் மலாயாவிலும் விசாரணை நடத்தியது. அதன் உறுப்பினரான எடித் பிக்டன் தர்பர்வில் பெரும்பான்மையோர் கருத்தை ஏற்காமல் தனி அறிக்கை எழுதினார். முய் சாய் என்னும் பெயரைத் தேடுவதை விட, பெற்றோரிடமிருந்து பிறர் கைக்கு மாற்றப்பட்ட எல்லாச் சிறுவர்களையும் பாதுகாக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். குற்றத்தின் பெயர் மாறினாலும் பிள்ளையின் துன்பம் மாறுவதில்லை என்னும் அக்கருத்து இன்றைய சட்டங்களுக்கும் அடிப்படையாக உள்ளது.

மூன்று மாத வேலை என்னும் பொய்

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய இராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இரயில் பாதையை அமைத்தது. அதற்காக மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களுள் மிகுதியானோர் தமிழர். மூன்று மாத வேலை, நல்ல கூலி, இலவச உணவு என்று முதலில் ஆசை காட்டினர். திரும்பி வருவோர் இல்லை என்ற செய்தி பரவியதும் கட்டாயமாகப் பிடித்துச் சென்றனர். காலரா, மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் ஆயிரக் கணக்கானோர் மாண்டனர். போருக்குப் பின் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் இரயில் பாதைக் கொடுமைகளுக்காகச் சிலரை விசாரித்துத் தண்டித்தன. ஆயினும், கணவனை இழந்த மனைவியருக்கும் அநாதையான பிள்ளைகளுக்கும் அத்தீர்ப்புகளால் பெரிய பயன் கிடைக்கவில்லை. குற்றவாளியைத் தண்டிப்பதோடு பாதிக்கப்பட்டவருக்கு வாழ வழி செய்வதும் நீதியின் பகுதி என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இன்றைய சட்டங்கள்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 6ஆவது பிரிவு அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. அப்பிரிவுக்கு வலுவூட்டப் பல சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன.

முதலாவது, 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் அது சிறுவர் என்கிறது. சிறுவரைப் பிச்சை எடுக்க வைப்பது, பாலியல் தொழிலுக்கு உட்படுத்துவது, பணத்துக்காகக் கைமாற்றுவது ஆகியவை அச்சட்டத்தின்கீழ்க் குற்றங்களாகும்.

இரண்டாவது, 2007ஆம் ஆண்டு மனித வணிகத் தடுப்புச் சட்டம். 2010இல் அது திருத்தப்பட்டு, குடியேறிகளைக் கள்ளத்தனமாக எல்லை கடத்தும் குற்றமும் சேர்க்கப்பட்டது. இவ்விரு குற்றங்களும் ஒன்றல்ல. கள்ளத்தனமாக எல்லை கடத்துவதில் பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைச் சட்டவிரோதமாக நாட்டுக்குள் கொண்டுவருகின்றனர். மனித வணிகத்தில் ஒருவரைச் சுரண்டுவதே நோக்கமாகும். அதற்கு எல்லையைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. ஒரு சிறுமியைத் தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கு அழைத்து வந்து அடைத்து வைத்து வேலை வாங்கினாலும் அது மனித வணிகமாகலாம்.

சிறுவரை மனித வணிகத்துக்கு உள்ளாக்கியவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதல் இருபது ஆண்டுகள்வரை சிறை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்தை மேலும் கடுமையாக்கியது. பாதிக்கப்பட்டவர் ‘சம்மதித்தார்’ என்பது குற்றவாளிக்குத் தற்காப்பு ஆகாது. கடத்தப்பட்டு வந்தவர் முறையான பயண ஆவணம் இன்றி நாட்டுக்குள் இருந்தாலும், அதற்காக அவர்மீது வழக்குத் தொடுக்கக் கூடாது. கிரியான் தோட்டத்திலிருந்து ஓடியவரைச் சிறைக்கு அனுப்பிய காலத்தோடு இவ்விதியை ஒப்பிட்டால், சட்டம் எவ்வளவு திசை மாறியுள்ளது என்பது தெளிவாகும்.

இவை தவிர, சிறுவர், இளையோர் வேலை குறித்த 1966ஆம் ஆண்டுச் சட்டமும், சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. 2017இல் புத்ராஜெயாவில் இத்தகைய பாலியல் குற்றங்களுக்கெனச் சிறப்பு நீதிமன்றம் தொடங்கப்பட்டது.

ஒரு வழக்கு எவ்வாறு உருவாகிறது?

பழைய தோட்டம் ஒன்றில் வாழ்ந்த குடும்பம், நிலம் விற்கப்பட்டதால் நகருக்கு இடம்பெயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். தந்தைக்கு நிலையான வேலை இல்லை. தெரிந்தவர் ஒருவர் வந்து, பதினாறு வயது மகனுக்கு வெளியூர் உணவகம் ஒன்றில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஈராயிரம் ரிங்கிட் முன்பணமும் தருகிறார். பையன் பள்ளியை நிறுத்திவிட்டுச் செல்கிறான். அங்கே அவனுடைய அடையாள அட்டை வாங்கி வைக்கப்படுகிறது. காலை முதல் நள்ளிரவுவரை வேலை. முன்பணம் தீரவில்லை என்று கூறிச் சம்பளம் மறுக்கப்படுகிறது. வீட்டுக்குப் போகக் கேட்டால் அடி விழுகிறது.

பெற்றோர் சம்மதித்தனர், பையனும் விரும்பியே சென்றான். அப்படியானால் இதில் குற்றம் எங்கே என்று சிலர் கேட்கலாம். பதினாறு வயது இளையோர் வேலை செய்வதைச் சட்டம் முற்றாகத் தடுக்கவில்லை. ஆனால், ஆபத்தான வேலையையும், நீண்ட நேர உழைப்பையும், சில விதிவிலக்குகள் தவிர இரவு வேலையையும் அது தடுக்கிறது. கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதும், அடையாள அட்டையைப் பறிப்பதும், அடித்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பின் அடையாளங்கள். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து, வேலைச் சட்டத்திலும் கட்டாய உழைப்பு தனிக் குற்றமாக இடம்பெற்றுள்ளது.

புகார் கிடைத்ததும் காவல் துறை, குடிநுழைவுத் துறை, தொழிலாளர் துறை போன்ற அமலாக்கத் தரப்பினர் சோதனை நடத்தலாம். மீட்கப்பட்டவருக்கு 21 நாள் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையை நீதிபதி வழங்குவார். அதற்குள் விசாரணை அதிகாரி அவர் உண்மையில் மனித வணிகத்துக்கு ஆளானவரா என்பதை ஆராய்வார். சான்றுகள் திரட்டப்பட்டு அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் அனுப்பப்படும். குற்றம் சாட்டுவதா இல்லையா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் சட்டத் துறைத் தலைவருக்கு உண்டு. வழக்கு நடந்தால், குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பினுடையது.

வழக்குகள் ஏன் தடுமாறுகின்றன?

சட்டம் கடுமையாக இருந்தும் எல்லா வழக்குகளும் தண்டனையில் முடிவதில்லை. முதற்காரணம் பயம். மீட்கப்பட்ட சிறுவர், தம்மை அடித்தவரின் முன்னிலையில் வாய் திறக்க அஞ்சுவார். இதனைக் கருதியே 2007இல் சிறுவர் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுவர் சாட்சி திரைக்குப் பின்னாலிருந்தோ, நேரலைக் காணொளி வழியாகவோ சாட்சியம் அளிக்கலாம்.

இரண்டாவது காரணம் உறவு. ஆள் சேர்த்தவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். மாமாவாகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார். குடும்ப மானம் கருதியோ வாங்கிய முன்பணத்தை நினைத்தோ பெற்றோர் புகாரை மீட்டுக்கொள்ள முயல்வர். மூன்றாவது காரணம் காலம். வழக்கு நீளும்போது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருமானமின்றிக் காப்பகத்தில் காத்திருக்க மனமின்றி ஊர் திரும்ப விரும்புவர். சாட்சி போனால் வழக்கும் தளரும். 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்படுபவர் வெளியில் சென்று வேலை செய்யவும், குற்றவாளியிடமிருந்து இழப்பீடு பெறவும் வழி திறந்தது.

எல்லை தாண்டிய வழக்குகள் இன்னும் கடினமானவை. 2015இல் பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியான் காடுகளில் 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2019இல் அரச விசாரணை ஆணையம் அதனை ஆராய்ந்தது. தாய்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட நால்வர் கங்கார் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது 2023 ஜூன் மாதத்தில்தான். எட்டு ஆண்டுகள் கடந்தும் வழக்குத் தொடர முடிந்தது. ஆனால், அந்த எட்டு ஆண்டுகளில் மறைந்துபோன தடயங்கள் எத்தனை என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

உலக நாடுகளும் இம்முயற்சிகளைக் கவனிக்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆண்டறிக்கை 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மலேசியாவை மிகக் கீழான மூன்றாம் நிலையில் வைத்தது; 2024இல் இரண்டாம் நிலைக்கு உயர்த்தியது. தர வரிசை உயர்வது நல்லதே. அதனினும் முக்கியமானது மீட்கப்பட்ட ஒவ்வொருவரும் மீண்டும் பள்ளிக்கோ வேலைக்கோ திரும்புவதாகும்.

புதிய கங்காணி: கைப்பேசி

இன்று ஆள் சேர்க்க யாரும் கிராமத்துக்கு நடந்து வர வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில், ஈப்போவைச் சேர்ந்த ஓர் இளைஞர் இணையத்தில் பழகியவரைச் சந்திக்கத் தாய்லாந்து சென்றார். மோசடிக் கும்பலின் கையில் சிக்கிய அவர், எல்லை நகரான மே சொட்டில் உள்ள மருத்துவமனையில் உயிரிழந்தார். அவரது மரணம் நாட்டையே உலுக்கியது. அதன்பின் கம்போடியா, மியன்மார் போன்ற நாடுகளில் சிக்கிய மலேசியர்களின் நிலை பரவலாகத் தெரியவந்தது. அதிகச் சம்பளம், இலவச விமானச் சீட்டு, தகுதி தேவையில்லை என்னும் விளம்பரங்கள், அன்று இரயில் பாதைக்கு ஆள் சேர்த்தவர்கள் சொன்ன மூன்று மாத வேலையை நினைவூட்டுகின்றன.

வழக்குக்கு முன்பே தொடங்கும் பாதுகாப்பு

குற்றம் நடந்தபின் வழக்குத் தொடுப்பது ஒரு வழி. குற்றத்துக்கு இடம் கொடாமல் இருப்பது அதற்கு முந்திய வழி. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைச் சுரண்டுவது எளிது. அப்பிள்ளையின் வயதை மெய்ப்பிக்க முடியாது. காணாமற்போனாலும் தேடுவது கடினம். தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சிலவற்றில் பிறப்புப் பதிவு விடுபட்டிருந்தது. இதனைத் தீர்க்க அரசாங்கம் 2011 பிப்ரவரியில் ‘மைடாஃப்தார்’ என்னும் சிறப்புப் பதிவு இயக்கத்தை இந்தியர்களுக்காக நடத்தியது. பிள்ளை பிறந்த அறுபது நாளுக்குள் பதிவது ஒவ்வொரு பெற்றோரின் கடமையாகும்.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வகுப்புத் தோழன் திடீரெனப் பள்ளிக்கு வராமல் நின்றாலோ, அண்டை வீட்டில் பள்ளி வயதுச் சிறுமி எந்நேரமும் வேலை செய்வதைக் கண்டாலோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் கூறலாம். 24 மணி நேரமும் இயங்கும் ‘தாலியான் காசே’ 15999 என்னும் எண்ணையோ, அவசர வேளையில் 999 என்னும் எண்ணையோ அழைக்கலாம். சந்தேகத்துக்குரியவரிடம் நேரில் சென்று வாதிடுவது ஆபத்தானது. அது சான்றுகள் அழிக்கப்படவும் காரணமாகும். பாதிக்கப்பட்ட சிறுவரின் படத்தைப் புலனத்திலோ முகநூலிலோ பகிரவும் கூடாது. இரக்கத்தால் பகிர்ந்தாலும், அப்படம் அப்பிள்ளையை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும். சிறுவர் சட்டமும் பாதிக்கப்பட்ட சிறுவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது.

நூறாண்டுகளுக்கு முன் தப்பியோடிய தொழிலாளி நின்ற கூண்டில், இன்று அவரைச் சுரண்டியவர் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அச்சொல் செயலாவதற்குத் துணிந்து புகார் செய்பவரும், பொறுமையாகச் சான்று திரட்டும் அதிகாரியும், பயமின்றி உண்மை சொல்லும் சாட்சியும் தேவைப்படுகின்றனர்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஒப்பந்தக் கூலி முறைக் காலச் சட்டத்துக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு யாது?

2. மனித வணிகத்துக்கும் குடியேறிகளைக் கள்ளத்தனமாக எல்லை கடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. உணவகத்தில் வேலை செய்த பதினாறு வயதுப் பையனின் சூழலில், கட்டாய உழைப்பைக் காட்டும் மூன்று அடையாளங்களைக் குறிப்பிடுக.

4. ‘பெற்றோர் சம்மதித்துவிட்டால் அது சுரண்டல் ஆகாது.’ இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? காரணங்களுடன் எழுதுக.

5. சுரண்டப்படும் சிறுவர்களின் வழக்குகள் வெற்றி பெற, பள்ளியும் குடும்பமும் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதைக் குழுவில் கலந்துரையாடுக.